மூவாயிரம் ரூபா

வைப்பருக்கடியில் துண்டு செருகியிருந்தது.
மூவாயிரம் ரூபா. பதினான்கு நாள்.
கீழே கொழும்புக் கம்பனி ஒன்றின் முத்திரை,
அதன்மேல் கிளிநொச்சிப் புழுதி.

பால்மாவும் பற்றரியும் வாங்கப் பத்து நிமிடம்.
பத்தே நிமிடம்.
வான் அக்காவுடையது,
கையால் பிரேக் பிடிக்கும்படி மாற்றியது,
கண்ணாடியில் சக்கர நாற்காலிப் படம்.
படம் வந்திருந்தது. அக்கா வரவில்லை.

'குறிப்பு' என்ற கட்டத்தில்
பள்ளிக்கூடப் பிள்ளையின் உறுப்பெழுத்தில்
காவலாளி கஜீபன் எழுதியிருந்தான்:
இறங்கியவர் ஓடிப்போனார்.

நீதிமன்றத்துக்கு எதிரே, மாடியில்,
சட்டத்தரணி யசோதினி துண்டை மின்விசிறிக்குப் பறக்காமல்
கண்ணாடிக் குமிழால் அமத்தினார்.
"தண்டம் போடுறதுக்குக் கடைக்காரர் ஆர்?
இது அவை கேக்கிற காசு, அவ்வளவுதான்.
பலகையைப் பாத்திட்டுத்தானே உள்ள வந்தனீர்,
அது ஒப்பந்தம் எண்டு வாதாடுவினம்.
பலகை எங்க நிண்டது?"
வேம்புக்குப் பின்னால்.
"எழுத்து விளங்குமோ?"
பாதியை வெயில் தின்றுவிட்டது.
மிச்சத்தில் 'வலுவிலந்தோர்' என்று கிடக்கிறது.
"நல்லது," என்றார்,
ஒரு எழுத்துப்பிழையை அவ்வளவு ஆசையாய்
நான் ஆரும் பார்த்துக் கண்டதில்லை.
"மூவாயிரத்துக்கு வழக்காடினால் அவைக்குத்தான் நட்டம்.
என்ர அபிப்பிராயம், கட்டாதையும். பாப்பம்."

இறங்கி வரும்போது ஐஸ்கிறீம் வாங்கினேன்.

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.
"கட்டத் தேவையில்லையாம்."
"ஆற்றை இடத்தில விட்டனி?"
"உன்ர வான்தானே."
"வானுக்கென்ன, அது நல்லாத்தான் ஓடுது.
ஆற்றை இடத்தில எண்டு கேட்டன்."
சிவப்புப் பேனையால் எவனோ ஒரு பிள்ளைக்கு
இரண்டு புள்ளி வெட்டினாள்.
ஐஸ்கிறீம் கதிரையில் உருகியது.

இந்த ஊரில் எத்தனை பேருக்கு
எத்தனை கால் இல்லை என்று எண்ண வந்தவர்கள்
படிவங்களோடு வந்தார்கள்,
படிவங்களோடு போனார்கள்.
அந்தக் கடைக்கு முன்னால் நீலக் கட்டம்
ஒன்று.

கோபத்தோடுதான் போனேன் கஜீபனிடம்.
என்னை உனக்குத் தெரியாதா, அக்காவைத் தெரியாதா,
துண்டொன்றுக்கு உனக்கு எவ்வளவு கமிசன்?
அவன் தொப்பியைக் கழற்றித் தலை துடைத்தான்.
"தருமபுரத்தில இருந்து ஒருத்தர் அண்ணை,
மூண்டு சில்லு மோட்டார் சைக்கிள்.
வாசலில வெயிலுக்க நிண்டவர்.
அரை மணித்தியாலம் பாத்திட்டுத் திரும்பிட்டார்.
அவருக்கு நான் என்னத்தை எழுதிக் குடுக்கிறது?"

அரை மணித்தியாலம் என்றான்.
பத்து நிமிடம் என்று நான் சொல்லவில்லை.

பதினான்காம் நாள் ஒரு வியாழக்கிழமை, போனது.
பிறகு ஒரு கடிதம் வந்தது,
'சட்ட நடவடிக்கை' என்பது மட்டும் தடித்த எழுத்தில்.
"அடுப்புக்குப் போடும்," என்றார் யசோதினி தொலைபேசியில்.
எங்களிடம் காஸ் அடுப்பு.
லாச்சிக்குள் போட்டேன்.
ஆரும் வரவில்லை. பொலிசும் இல்லை, பிஸ்கால்காரனும் இல்லை.
ஆரும் வராதது
ஏதோ ஒருவர் திரும்பிப் போனதுபோலவே இருந்தது.

மாரி முடிந்த ஒரு இரவு, கடை பூட்டும் நேரம்,
மழை தின்ற நாற்காலிக்குக் கஜீபன்
மட்டை அச்சு வைத்து வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.
காற்று மட்டையைத் தூக்கியது.
"அண்ணை, ஒருக்கா உந்தக் கரையைப் பிடியுங்கோ."
குந்தியிருந்து பிடித்தேன்.
காசைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும்.
சில்லு வளைகிற இடத்தில் பூச்சு வழிந்து
என் பெருவிரலில் ஏறியது.

வீட்டில் சோறு போட்டுத் தரும்போது
அக்கா விரலைப் பார்த்தாள்.
"என்னது?"
"பெயின்ற்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டாள்,
"காஞ்சிட்டுதோ?"